நீல மூடி போட்ட ஐஸ்கிறீம் பெட்டி

கனடாவில், ரொறன்ரோ பக்கம் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டு பிறீசரைத் திறந்து, உள்ளே இருக்கும் ஐஸ்கிறீம் பெட்டியை ஆசையோடு கையில் எடுத்தவர்கள் ஒரு தரமாவது ஏமாந்திருப்பார்கள். மூடியில் வனிலா என்று எழுதியிருக்கும். உள்ளே ஆட்டிறைச்சிக் கறி இருக்கும், இல்லாவிட்டால் துருவின தேங்காய்ப்பூ. ஐஸ்கிறீம் முடிந்த அன்றே பெட்டி கழுவிக் கவிழ்க்கப்படும். அதற்குப் பிறகு அது அந்த வீட்டின் உழைப்பாளி. இது கோணேஸ்வரிக்குத் தெரியும், அவளுடைய மகன் விதுஷனுக்குத் தெரியும், விதுஷனின் சிநேகிதன் சுலக்சனுக்கும் நன்றாகத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் பிழை நடந்தது.

விதுஷனும் சுலக்சனும், கூடப் படித்த நிருஜாவும் சாம்பவியும் யூனிவர்சிற்றி முடித்த கையோடு, மலைப் பூங்காக்களைப் பார்க்கவென்று புறப்பட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு விமானம். கல்கரியில் ஒரு ஆர்வி வாடகைக்கு. ஆர்வி என்றால் சில்லுப் பூட்டின சின்ன வீடு: கட்டில், அடுப்பு, கழிவறை, பிறிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். அதில் ஏறிப் பான்ஃப் பக்கத்தால் நுழைந்து, பனிமலைகளுக்கு நடுவே ஜாஸ்பர் வரை போகிற நீண்ட பாதையில் ஓடித் தங்கித் தங்கிப் போவது அவர்களுடைய திட்டம்.

"கடையில வாங்கிச் சாப்பிடுவம் அம்மா, கறியெல்லாம் வேண்டாம்" என்று விதுஷன் சொல்லிப் பார்த்தான்.

"மலையில ஆர் உனக்குக் கடை திறந்து வச்சிருக்கினம்?" என்றாள் கோணேஸ்வரி.

அவள் இறைச்சிக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் வைத்து, பெட்டிகளில் போட்டு, கல்லுப் போல் உறைய வைத்துக் கொடுத்தாள். றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற சுலக்சனின் தாய் தவமணி தன் பங்குக்குக் கோழிக் கறியும் கத்தரிக்காய்க் குழம்பும். கடைசியாக, புறப்படுகிற அன்று, கோணேஸ்வரி இன்னொரு பெட்டியை எடுத்தாள். நீல மூடி. ஒரு நாள் சூடான கரண்டியை அதன் மேல் வைத்ததில் மூடியின் ஓரம் அரைச் சந்திரன் போல உருகியிருந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னத் துவாயை விரித்து, விதுஷனுடைய ஊசி மருந்து அடைத்த இன்சுலின் பேனைகளை அடுக்கினாள். மற்றப் பயணப் பைகளுக்குள் அவை நசுங்கிவிடும். பெட்டிக்குள் என்றால் ஒன்றும் ஆகாது.

"இதை பிறிட்ஜில வை மகன். கீழ்த் தட்டில. விளங்குதா?"

"ஓம் அம்மா, ஓம். ஊபர் வந்திட்டான்."

விதுஷனுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வியாதி வந்தது. வயது போனவர்களுக்கு மெல்ல மெல்ல வருகிற வகை அல்ல அது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே அடியோடு நிறுத்திவிடுகிற வகை. அந்த நாட்களில் ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தி கோணேஸ்வரியை இருத்திவைத்துப் படம் கீறி விளங்கப்படுத்தினாள். இன்சுலின் ஒரு திறப்பு, பூட்டைத் திறக்கிற சாவி மாதிரி. சாப்பிட்ட சீனி இரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும், திறப்பு இல்லாவிட்டால் உடம்புக்குள் நுழையாது. முற்றத்தில் நெல்லு மலை போலக் குவிந்து கிடக்க, கதவு பூட்டின வீட்டுக்குள் பட்டினி கிடப்பது மாதிரி. பட்டினி கிடக்கிற உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அந்த எரிப்பில் அமிலம் பிறக்கும். பிறகு வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம். நேர்ஸ் அதற்கு மேலும் ஒரு சொல் சொன்னாள். கோணேஸ்வரி அதை வீட்டில் ஒரு நாளும் உச்சரித்ததில்லை.

அன்றிலிருந்து அவள் அந்த வியாதியைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். இன்சுலினுக்குக் குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. அது ஒரு புரதம். நூலை ஒரு விதமாகச் சுற்றிவைத்தது போன்ற வடிவம் அதற்கு. அந்த வடிவத்தில் இருந்தால்தான் திறப்பு பூட்டுக்குள் போகும். உறையும்போது சுற்றியிருக்கிற தண்ணீர் பளிங்காகி அதை நெரிக்கும், வடிவம் கெட்டுப் போகும். பிறகு உருகினாலும் திரும்பி வராது. அவித்த முட்டையை ஆறவைத்தால் பச்சை முட்டை ஆகுமா? இதில் பொல்லாத விசயம், உருகின இன்சுலின் பார்வைக்குப் பெரும்பாலும் பழையபடி தெளிவாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது.

வோபர்னில் அன்ரனெற் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில் கோணேஸ்வரிக்கு, கறி வைத்துப் பொரிக்கிற றோல்ஸ் சுற்றுகிற வேலை. பிள்ளைகள் புறப்பட்ட அன்று பின்னேரம், மாவும் முட்டையும் பூசின கையோடு நின்றபோது போன் சிணுங்கியது. தவமணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆர்வியின் பிறீசர் கதவு திறந்திருக்க, உள்ளே பெட்டிகள் நெருக்கி அடுக்கியிருந்தன. பக்கத்தில் சுலக்சனின் பெருவிரல். கீழே தவமணியின் குரல் பதிவு:

"கோணேஸக்கா, பாருங்கோ, எங்கட சாமானெல்லாம் பத்திரமாப் போய்ச் சேர்ந்திட்டுது."

கோணேஸ்வரி சிரித்துக்கொண்டே படத்தைப் பெருப்பித்தாள். இறைச்சி. கணவாய். தவமணியின் சிவப்பு மூடிகள். அவற்றுக்கு நடுவில், இரண்டு பக்கமும் உறைந்த கறி இறுக்கிப் பிடித்திருக்க, ஒரு நீல மூடி. ஓரத்தில் அரைச் சந்திரன்.

அவள் கையைத் துடைக்காமலே தவமணிக்குப் போன் எடுத்தாள்.

"தவமணி, இந்தப் படம் எப்ப அனுப்பினவன்?"

"மத்தியானமே அக்கா. வண்டி எடுத்த உடன. நான் பிள்ளையார் கோயில்ல நிண்டனான், போனைப் பாக்கேல்ல. ஏன், கறி போதாதே?"

"அந்த நீல மூடிக்குள்ள கறி இல்லை."

"பின்ன என்ன?"

"விதுஷன்ர இன்சுலின்."

தவமணியின் குரல் மெலிந்து வந்தது. "ஐயோ அக்கா. நான்தான் அவனுக்குச் சொல்லி விட்டனான். முதல் வேலையா எல்லாப் பெட்டியையும் பிறீசருக்க வை, இல்லாட்டிக் கறி பழுதாப் போகும் எண்டு. எல்லாப் பெட்டியையும் எண்டு சொன்னனான் அக்கா."

விதுஷனின் போன் அடிக்கவேயில்லை. நேராகக் குரல் பெட்டிக்குப் போனது. சுலக்சனுடையதும் அப்படித்தான். நிருஜா, சாம்பவி, எல்லாம் அப்படித்தான். கோணேஸ்வரி நால்வருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள்: நீலப் பெட்டியை பிறீசரில் இருந்து எடுங்கோ, அந்த மருந்தைப் போட வேண்டாம். நான்கு செய்திக்குக் கீழேயும் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. ஒன்று விழுந்தால் உன் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது விழுந்தால்தான் அந்தப் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது விழவில்லை. கிணற்றில் போட்ட கல்லு.

போன் கோபுரத்தின் அலை ஏறக்குறைய வெளிச்சம் போல நேராகப் போவது. எதிரே மலை நின்றால் மலைக்குப் பின்னால் நிழல் விழும். அந்த நிழலுக்குள் ஊர் இருந்தால் அங்கே இன்னொரு கோபுரம் கட்டுவார்கள். பிள்ளைகள் போகிற பாதையில் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஊர் கிடையாது. பனியும் மரமும் கரடியும்தான். அவற்றில் எதற்கும் போன் தேவையில்லை.

இன்னொரு வழியும் அடைபட்டிருந்தது. விதுஷனின் மேற்கையில் ஒரு சென்சர் ஒட்டியிருக்கும். காசளவுதான். தோலுக்குக் கீழே மயிர் போல ஒரு இழை இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் சீனியை அளந்து அவனுடைய போனுக்குச் சொல்லும். அவனுடைய போன் இன்ரநெற் வழியாகத் தாயின் போனுக்குச் சொல்லும். விதுஷன் யூனிவர்சிற்றியில் இருந்தபோது, வகுப்பில் அவன் பிஸ்கட் தின்றால் அவள் வோபர்னில் நின்று அறிவாள். "அம்மா, நீங்க சிஐஏயில இருக்க வேண்டிய ஆள்" என்பான். இப்போது அந்த இடத்தில் இலக்கம் இல்லை. மூன்று சின்னக் கோடுகள்.

அன்ரனெற் அவளுடைய கையிலிருந்து றோல்ஸை வாங்கி வைத்தாள். "வீட்ட போங்கோ கோணேஸ். இந்தக் கையால சுத்தினா எல்லாம் எண்ணெய்க்க வெடிக்கும்."

வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, கணவன் மாமாங்கமும் வேலையால் வந்திருந்தான். அவன் படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"வேற நீல மூடியா இருக்கும்."

"அந்த உருகின இடம் தெரியேல்லையே உங்களுக்கு?"

"தெரியுது." போனை மேசையில் வைத்தான். "அவன் சின்னப் பிள்ளையே கோணேஸ்? இருபத்திமூண்டு வயசு. சட்டைப் பொக்கற்றில ஒரு பேனை இருக்குமெல்லே?"

"பாதி. நாளைக்குக் காலமை முடியும். முடிஞ்ச உடன இதைத்தான் எடுப்பான்."

அந்தக் கணக்கை அவள் ஏற்கெனவே பஸ்ஸில் போட்டு முடித்திருந்தாள்.

பூங்காவின் அவசர இலக்கத்துக்கு எடுத்தாள். பேசிய பெண் பொறுமையானவள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த முகாமில் தங்குகிறார்கள்? கோணேஸ்வரி தவமணியிடம் கேட்டாள். "ஏதோ வாட்டர் எண்டு வரும் அக்கா, அவன் சொன்னவன்" என்றாள் தவமணி. அந்தப் பாதையில் தண்ணீர்ப் பெயர் இல்லாத இடம் குறைவாம். வண்டி இலக்கம்? தெரியாது. யாருடைய பெயரில் வாடகைக்கு எடுத்தது? நிருஜாவுடையதாக இருக்கலாம். என்ன நிறம்?

"வெள்ளை. பெரிசு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் அங்கே ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பெரிய வெள்ளை வண்டிகள் என்று மெதுவாகச் சொன்னாள். முகாம்களுக்குப் போகிற காவலர்களிடம் சொல்லிவைப்பதாகவும், வாசல் பலகைகளில் பெயரைக் குத்திவிடுவதாகவும் சொன்னாள். விதுஷனின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

மாமாங்கம் கார்த் திறப்பை எடுத்தான்.

"எங்க போறியள்?"

"போவம். போய்க் கொண்டிருந்தா எண்டாலும்..."

"மூண்டு நாள் ஓட்டம்."

அவன் வெளியே போய்க் காருக்குள் ஏறி இருந்தான். ஸ்ராட் பண்ணவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோணேஸ்வரி ஜன்னலால் பார்த்தாள். கொஞ்ச நேரத்தால் உள்ளே வந்து, திறப்பைப் பழைய இடத்தில் கொழுவினான்.

அந்த இரவை எப்படிக் கழித்தார்கள் என்று பிறகு இரண்டு பேரும் கதைத்ததில்லை. விடிந்து, அங்கே காலைச் சாப்பாட்டு நேரமும் தாண்டியது. இப்போது பேனை முடிந்திருக்கும் என்று கோணேஸ்வரி நினைத்தாள். இப்போது பெட்டியைத் திறந்திருப்பான். உறைந்து கிடப்பதைக் கண்டு யோசித்திருப்பான். யோசித்திருப்பானா? உறைந்தால் பழுது என்று நேர்ஸ் சொன்னபோது அவனுக்கு ஒன்பது வயது. அவன் அப்போது ஆஸ்பத்திரித் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டது அவள்தான். அதற்குப் பிறகு மருந்தை எங்கே வைப்பது என்று அவன் யோசிக்கவே தேவையில்லாதபடி அவளே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வந்தாள்.

பொழுது படுகிற நேரம் போலப் போன் ஒருக்கால் அதிர்ந்தது. மூன்று கோடுகள் இருந்த இடத்தில் ஒரு இலக்கம்: 17. அதற்குப் பக்கத்தில், கீழே சரிகிற அம்புக்குறி. கனடாக் கணக்கில் அது பத்துக்குள் இருக்கவேண்டியது.

அந்தச் சென்சருக்கு ஒரு குணம் உண்டு. சிக்னல் இல்லாவிட்டாலும் அது அளப்பதை நிறுத்தாது. புள்ளிகளை அவனுடைய போனிலேயே சேர்த்து வைத்திருந்து, சிக்னல் கிடைத்த உடனே எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பும். கோணேஸ்வரியின் கண் முன்னால் வெறுமையாய் இருந்த வரைபடத்தில் நேற்றுப் பின்னேரத்திலிருந்து புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அதற்கு நடுவில் ஒரு செய்தியும் வந்து விழுந்தது.

"அம்மா கிராஃப் பாக்காதேங்கோ. நான் ஓகே."

அவள் பார்த்தாள். வாசிக்கத் தெரிந்தவளை வாசிக்காதே என்றால் முடியுமா?

நேற்று இரவு ஒரு சின்ன மேடு, ஏறி இறங்கியிருந்தது. கறியும் பாணும் சாப்பிட்டிருக்கிறான், பழைய பேனையால் போட்டிருக்கிறான், இறங்கியிருக்கிறது. நல்லது. விடியும்வரை சமதரை. பிறகு காலைச் சாப்பாடு, புள்ளிகள் ஏறின. பதினொன்று, பதினாலு. இங்கே வளைந்து இறங்கத் தொடங்கவேண்டும். இறங்கவில்லை. பதினேழு. இந்த இடத்தில் அவன் இன்னொரு தரம் போட்டிருப்பான், முதல் தரம் பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று. ஒரு புள்ளிகூடக் கீழே வரவில்லை. இருபது. இருபத்திரண்டைத் தாண்டினால் சென்சர் இலக்கம் சொல்லாது. "உயர்வு" என்று மட்டும் சொல்லிக் கூரையோடு ஒட்டி ஒரு நேர்கோடு போடும். அந்தக் கோடு நீண்டு போயிருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள். அதற்குள் எங்கேயோ வாந்தி எடுத்திருப்பான். அதற்குள் எங்கேயோ தண்ணீர் கேட்டிருப்பான். எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

கோட்டின் கடைசியில் புள்ளிகள் கூரையை விட்டு விலகி, படிப்படியாக இறங்கின. அப்படி ஒழுங்காக இறங்கவேண்டுமென்றால் யாரோ நல்ல இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள்.

"இறங்குது" என்றாள் மாமாங்கத்திடம். அவன் சுவரில் சாய்ந்தபடியே நிலத்தில் இருந்துவிட்டான்.

விதுஷனே போன் பண்ணினான். குரல் கரகரத்தது. பின்னால் ஒரு மிசின் சீராகக் கீச்சிட்டது.

"பாத்திட்டீங்களா?"

"ஓம்."

"சொன்னனான் பாக்க வேண்டாம் எண்டு." மூச்சு விட்டான். "ஜாஸ்பர் ஆஸ்பத்திரியில நிக்கிறன். போனை ஏரோபிளேன் மோட்டில போட்டிருந்தனான், இவையளையும் உங்களுக்குச் சொல்ல விடேல்ல. ட்ரிப் ஏத்தியிருக்கு. அது ஐஸாயிருந்தது அம்மா. சுடுதண்ணிக்க வச்சு உருக்கினன், கிளியரா இருந்தது. போட்டன். திரும்பவும் போட்டன். பிறகு விளங்கிட்டுது, இது செத்த மருந்து எண்டு. சுலக்சன்தான் வண்டியை ஓடினவன். அவன் ஆர்வி ஓடினதே இல்லை. ரெண்டு சைட் மிரரும் இப்ப இல்லை."

"மகன், அந்தப் பெட்டி... நான் அதுக்க வச்சிருக்கக் கூடாது."

"இல்ல அம்மா, நான் பாத்திருக்கவேணும்."

குற்றத்தைப் பங்குபோட்டால் பாரம் குறையும் என்பார்கள், குறையவில்லை.

"நாளைக்கு விடுவினம்" என்றான் விதுஷன். "பிறகு மலீன் லேக்குக்குப் போறம். புக் பண்ணினது."

"நீ வீட்ட வா. கொப்பா ரிக்கற் போடுவார்."

"அம்மா." அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "புதுப் பேனை தந்திட்டினம். நான் போகப்போறன்."

அவள் மாமாங்கத்தைப் பார்த்தாள். அவன் நிலத்தில் இருந்தபடியே கையை விரித்தான். மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிற இருபத்திமூன்று வயதுக்காரனைக் கையைப் பிடித்து இழுக்க ஏலுமா?

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் போனைப் பார்த்துப் பார்த்து விசர் பிடிக்கும். றோல்ஸ் சுற்றிக்கொண்டு நின்றபோது சுலக்சன் போன் பண்ணினான்.

"அன்ரி, நாங்க வெளிக்கிட்டிட்டம். விதுஷன் பின்னால நித்திரை. இப்ப நிருஜா ஓடுறா. அன்ரி..." அவன் மூக்கை உறிஞ்சினான். "சொறி அன்ரி. நான்தான் வச்சனான்."

"நீதானே ராசா கொண்டுபோய்ச் சேத்தனீ. அழாத."

"எனக்குச் சொல்லித் தாங்கோ. ஏதும் எண்டா நான் என்னத்தைப் பாக்கவேணும்? அவன் ஒண்டும் சொல்ல மாட்டான்."

இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கோணேஸ்வரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, கடையின் பின்கதவடிக்கு வந்து, நேர்ஸ் தனக்குச் சொன்ன ஒழுங்கிலேயே தொடங்கினாள். அடிக்கடி தண்ணீர் கேட்கிறானா பார். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறானா பார். மூச்சில் பழுத்த பழ மணம் வந்தால் காத்திருக்கக் கூடாது. கை நடுங்கி வேர்த்தால் அது மறுபக்கம், சீனி குறைவு, உடனே ஜூஸ். சுலக்சன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் அன்ரி" சொல்லி, சாம்பவிக்கு இங்கிலீசில் திருப்பிச் சொன்னான். அவனுடைய குரல் தெளிந்து வந்தது. அவளுடைய குரலும்.

"புதுப் பேனையள் எங்க?" என்று கேட்டாள்.

"அதுக்குப் பயப்பிடாதேங்கோ அன்ரி. பிறிட்ஜ் பக்கமே கொண்டுபோகேல்ல. முன்னால டாஷ்போட்டில வச்சிருக்கிறம், எல்லாரும் பாக்கிற மாதிரி. நல்ல வெயில், உறைய சான்ஸே இல்லை."

கோணேஸ்வரி போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"சுலக்சன், அதை அங்க வைக்காத. கண்ணாடிக்குப் பின்னால வெயில் அடிச்சா அடுப்பு மாதிரி. குளிர் கெடுக்கிற மாதிரித்தான் சூடும் கெடுக்கும், அந்தப் புரதம்..."

"என்ன அன்ரி? வெட்டுது."

"வெயில்! வெயிலில இருந்து எடு!"

"ஓம் அன்ரி, இஞ்ச நல்ல வெயி..."

சத்தம் நின்றது. அவள் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தாள். திரும்ப எடுத்தாள், குரல் பெட்டி. கடைக்குள்ளே அன்ரனெற் எண்ணெய்ச் சட்டியின் நெருப்பைக் குறைத்துவிட்டு இவளைப் பார்த்தாள்.

கோணேஸ்வரி போனைத் திரும்பக் காதில் வைத்தாள். பீப் சத்தம் கேட்டது. குரல் பெட்டிக்குள் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நிதானமாக, இடையில் ஒன்றும் விடுபடாமல் சொல்லத் தொடங்கினாள்:

"சுலக்சன், அன்ரி கதைக்கிறன். பேனையைத் திறந்தாப் பிறகு பிறிட்ஜ் தேவையில்லை. ஆனா நிழலில இருக்கவேணும். ஒரு துவாயில சுத்தி, வண்டிக்குள்ள நடுவில, வெயில் படாத தட்டில வை. டாஷ்போட்டில இருந்ததை எவ்வளவு நேரம் இருந்தது எண்டு யோசி. தொட்டுப் பார். சுட்டா..."

சுட்டால் என்ன செய்வது? "சுட்டா அதைப் போட விடாத ராசா, வண்டியை ஜாஸ்பருக்கே திருப்பு" என்றாள். போன் பதிந்துகொண்டிருந்தது.